கிம்ச்சி என்ற பெயர் வந்த கதை: கேள்வி பதில்

கே: அக்கா, கொரிய உணவான கிம்ச்சி என்றாலே காரமான முட்டைக்கோஸ்தானே?

ப: கடையில் அதிகம் கிடைப்பது அது. முள்ளங்கியைச் சதுரமாக நறுக்கிப் போட்டால் கக்துகி, வெள்ளரியில் செய்தால் ஓயி கிம்ச்சி. மிளகாயே சேராமல் வெளுப்பாக இருப்பது பெக் கிம்ச்சி. காயை உப்பில் ஊறவைத்துப் புளிக்க விடுவது எல்லாவற்றுக்கும் பொது.

கே: பெயருக்கு என்ன அர்த்தம்?

ப: அமிழ்த்திய காய். சீன எழுத்துகளில் எழுதும் 'சிம்ச்செ' என்ற கூட்டுச்சொல் இது. உப்புநீரில் மூழ்க வைப்பதால் அந்தப் பெயர். சொய் செஜின் என்ற கொரிய அறிஞர் 1527இல் சிறுவர்களுக்காகத் தொகுத்த 'ஹுன்மொங்ஜஹோ' என்ற சீன எழுத்துப் பாடநூலில் 'திம்ச்செ' என்ற பழைய வடிவில் இருக்கிறது.

கே: 'தி' எப்படி 'கி' ஆச்சு?

ப: இந்தச் சொல்லின் கதையில் சுவையான இடமே இதுதான். இகரத்தோடு சேர்ந்ததால் 'தி' காலப்போக்கில் 'ஜி' ஆனது. தெற்கு வட்டாரங்களில் 'கி'யும் 'ஜி' ஆகிக்கொண்டிருந்தது. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி என்று இருக்கிறதே, அந்த மாதிரி. 'ஜி' கொச்சை என்று நினைத்தவர்கள் திருத்திப் பேசப்போய், முதலில் ககரமே இல்லாத சொல்லுக்கும் 'கி' போட்டுவிட்டார்கள். நூல் நூற்று நெய்வதைக் குறிக்கும் 'ஜில்சம்' இன்று 'கில்சம்' என்று வழங்குவதும் இப்படித்தான்.

கே: அம்மா, அப்பா மாதிரி இதுவும் தமிழ்–கொரிய ஒற்றுமையா?

ப: இல்லை தம்பி, மூலம் சீனம். இன்றைய ஒலியை மட்டும் வைத்து உறவு கொண்டாடாதீர்கள். பழைய வடிவத்தைத் தேடிப் பாருங்கள்.

கே: கொரியர்களுக்குச் சொந்தச் சொல்லே கிடையாதா?

ப: உண்டு, 'திஹி'. சீனக் கவிஞர் து ஃபூவின் கவிதைகளின் 1481ஆம் ஆண்டுக் கொரிய மொழிபெயர்ப்பிலேயே வருகிறது. அது தேய்ந்து 'ஜி' ஆகி, 'ஓயிஜி' போன்ற பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொரியாவின் தென்மேற்கிலுள்ள ஜொல்லா பகுதியில் கிம்ச்சியையே 'ஜி' என்பார்கள்.

கே: பெயரில் காரமே இல்லையே?

ப: அன்று அங்கே மிளகாயே கிடையாது! அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய் 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் கொரியாவுக்கு வந்தது. 1766இல் எழுதப்பட்ட 'ஜுங்போ சல்லிம் கியோங்ஜே' நூலில் மிளகாய் சேர்த்த செய்முறை இருக்கிறது. பெயர் அதற்கும் மூத்தது.

கே: கொரிய நாடகங்களில் 'கிம்ச்சி சாறு குடிக்காதே' என்கிறார்களே, ஏன்?

ப: மனக்கோட்டை கட்டாதே என்று பொருள். 'தொக்' தருகிறவர் நினைக்கவே இல்லை, அதற்குள் கிம்ச்சிச் சாறு குடிக்கிறாயா என்பது முழுப் பழமொழி. தொக் என்பது அரிசியில் செய்யும் பண்டம், தொண்டையில் அடைக்கும். அதனால் கூடவே கிம்ச்சித் தண்ணீர் குடிப்பது வழக்கம்.