புகைக்கூண்டுக்குச் சிமெண்ட் வேண்டாம்

செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்க்கும் கொத்தனார் பதில் சொல்கிறார்.

அண்ணே, கானாடுகாத்தானில் எங்கள் பின்கட்டு அடுப்படியின் புகைக்கூண்டில் காரை உதிர்ந்தது. சிமெண்ட் வைத்துப் பூசினோம். இப்போது செங்கலே பொரிந்து கொட்டுகிறது. ஏன்?

தம்பி, அந்தச் சிமெண்ட்தான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டு குடிக்கிற ஈரம், சுண்ணாம்புக் காரை வழியாகத்தான் வெளியே போகும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் இப்போது செங்கல் வழியாக வருகிறது, கூடவே வரும் உப்பு செங்கலின் முகத்தை உரிக்கிறது. அடுப்புச் சூட்டுக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். சிமெண்ட் விறைத்து நின்று வெடிப்பு விடும்.

சிறு உளியால் பொறுமையாகக் கொத்தி எடுங்கள். மெஷின் வைத்தால் செங்கல் முனை போய்விடும். செங்கல் இடுக்கை ஒரு அங்குலம் சுரண்டி, தூசி தட்டி, தண்ணீர் தெளியுங்கள். நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, நன்றாக அரைத்து அழுத்தி அடையுங்கள். ஒரு வாரம் ஈரச்சாக்கு கிடக்கட்டும். ஒரு மாதம் கழித்து முதலில் சின்னதாகத் தீ போடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் கையில் எடுக்காதீர்கள்.

முட்டை வெள்ளைக்கரு சேர்க்கணுமா?

அது வளவுச் சுவரின், அதாவது உள்முற்றத்துச் சுவரின் மேல்பூச்சுக்கு, பளபளப்புக்காக. இங்கே வீண். கடுக்காய் ஊறின தண்ணீர் விடலாம்.

கேஸ் வந்த பிறகு விறகடுப்பைத் தொடவே இல்லை. முன்னோருக்குப் படைப்பு வைக்க மூட்டினோம், புகை முழுக்க உள்ளேயே நின்றது.

ஆச்சி, பறவைக் கூடு அடைத்திருக்கும். அடுப்பு ஆறியிருக்கும்போது பகலில் கீழிருந்து கண்ணாடி காட்டிப் பாருங்கள், வளைவில்லாத கூண்டென்றால் வானம் தெரிய வேண்டும். தெரியவில்லையா, அடைப்பு எடுக்கும்வரை மூட்டவே கூடாது. விறகுப் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு, ஆளையே கொல்லும். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை பொறுங்கள், பாவம். அப்புறம் அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடிவிட்டு, மேலிருந்து கயிற்றில் பிரஷ் விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், உச்சியில் கம்பிவலை போடுங்கள். ஈர விறகு எரிக்காதீர்கள். அதன் கசடு உள்ளே தார் மாதிரி படிந்து, ஒருநாள் கூண்டுக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

உச்சியில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்டினால் போதுமா?

போதாது, மறுபடி தழைக்கும். விரல் மொத்தத்துக்குள் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். வேர் உள்ளே இறங்கியிருந்தால் மேல் வரிசைகளைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். பிரித்த செங்கலைத் தூக்கிப் போடாதீர்கள், சுத்தம் செய்து அதையே வையுங்கள்.