ஸ்குவாட் எடை ஏறியும் ஜம்ப் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: கல்லூரி வாலிபால் அணியில் ஸ்பைக் அடிப்பவன் நான். ஒரு வருடத்தில் என் ஸ்குவாட் (தோளில் பாரம் வைத்து உட்கார்ந்து எழுவது) 70 கிலோவிலிருந்து 110 கிலோவுக்கு வந்துவிட்டது. ஜம்ப் மட்டும் ஏறவே இல்லை. குதிக்கும்போது முன்தொடைதான் எரிகிறது. "உன் குளூட்ஸ் தூங்குது, தினமும் அரை மணி நேரம் ரப்பர் பேண்ட் பயிற்சி செய்" என்கிறார் ஜிம் டிரெய்னர். செய்யலாமா?

பதில்: பயப்பட வேண்டாம். நரம்பில் கோளாறு இல்லாதவரை பிட்டத் தசை தூங்காது. தூங்கியிருந்தால் 110 கிலோவோடு உங்களால் எழுந்தே நின்றிருக்க முடியாது. தசையில் பலம் இருக்கிறது. குதிக்கும் அந்த நொடியில் அது போதிய வேகத்தில் வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல்.

பாரமான ஸ்குவாட்டில் மேலே எழ ஒரு நொடிக்கு மேல்கூட ஆகும். குதிக்கும்போது தரையைத் தள்ளக் கிடைப்பது ஏறக்குறைய கால் நொடி. ஒரு தசை தன் முழு பலத்தை எட்டவே பெரும்பாலும் அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நரம்பு மண்டலம் சிறிய தசை இழைத் தொகுதிகளை முதலில் அழைக்கும், பெரியவற்றைப் பிறகு அழைக்கும். முழு வேகத்தில் தள்ள முனையும்போது இந்த இடைவெளி மிகவும் சுருங்கும், நரம்பின் கட்டளைகளும் அடுத்தடுத்து வேகமாகப் பாயும். இது பழகினால் வரும் திறமை. நிதானமாகப் பாரம் தூக்குவதால் மட்டும் வந்துவிடாது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நண்பரிடம் போனைக் கொடுத்து, நீங்கள் குதிப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். உடல் மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். முதுகு நிமிர்ந்து, குதிகால் தூக்கி, முட்டி மட்டும் முன்னால் வெகுதூரம் போயிருக்கிறதா? நீங்கள் சொல்லும் எரிச்சலை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நிலையில் முன்தொடையே பெரும்பாலான பாரத்தைச் சுமக்கும். இடுப்பு பின்னால் போய், மார்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால்தான் பிட்டத் தசையும் பின்தொடையும் நீண்டு, பலம் ஏறி, உங்களை மேலே தள்ளும்.

இதைச் சுவரை வைத்துப் பழகலாம். சுவருக்கு முதுகு காட்டி ஓர் அடி தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாக மடக்கி, பிட்டம் சுவரைத் தொடும்வரை இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். பின்தொடை இழுப்பது தெரியும். அது பிடிபட்டதும் சுவரை விட்டு விலகி, அதே போல இறங்கி உடனே குதியுங்கள். கீழே தங்க வேண்டாம், தங்கினால் நீண்ட தசையில் சேர்ந்த விசை வீணாகிவிடும்.

பேண்ட் பயிற்சி, குளூட் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது) எல்லாம் வார்ம் அப்பில் ஐந்து நிமிடம் போதும். அரை மணி நேரம் செய்தால் களைத்துப்போய்தான் குதிப்பீர்கள், உடம்பும் களைத்த அசைவையே பழகிக்கொள்ளும். வாரம் இரண்டு நாள், பயிற்சியின் தொடக்கத்திலேயே, நான்கு தாவல்கள் கொண்ட நான்கு செட். நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. இந்த ஓய்வைத்தான் எல்லோரும் குறைத்துவிடுகிறார்கள், தயவுசெய்து குறைக்காதீர்கள். விரலில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, குதிக்கும்போது சுவரில் தொட்டுப் பாருங்கள். குறி தெளிவாக இறங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள்.

பாரமான ஸ்குவாட்டை விட்டுவிட வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் பாதி எடையோடு, மேலே வரும்போது முடிந்த அளவு வேகமாக எழுங்கள். ஒரு மாதத்துக்கு அப்புறம் 30 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கிய உடனே குதிக்கும் பயிற்சியைச் சேர்க்கலாம்.

முதல் வாரங்களில் ஜம்ப் சற்றுக் குறையலாம், பழைய அசைவு மாறும்போது அப்படி ஆவதுண்டு. ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே வலி இருந்தால் பெட்டிப் பயிற்சி வேண்டாம், முதலில் பிசியோவைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் பலமிழந்தோ மரத்தோ போனால் பயிற்சியையே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.