இரண்டாவது அத்தையின் பெயர்

கேள்வி: நான் மதுரைக்காரி. கல்யாணமாகி இருபது வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். கணவர் யூதக் குடும்பம். மாமியார் 1946-இல் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா 1927-இல், பத்தொன்பது வயதில், லிதுவேனியாவில் ‘ரகிஷோக்’ என்ற ஊரிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவர். பெற்றோரும் இரண்டு தங்கைகளும் அங்கேயே இருந்துவிட்டார்கள். 1941-க்குப் பிறகு கடிதமே வரவில்லை. அதைப் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லையாம். மூத்த தங்கை பெயர் ஹாயா என்று மட்டும் தெரியும். இளையவர் பெயர் யாருக்கும் தெரியாது. போன மாதம் மாமியார் ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தார். உள்ளே ஏழெட்டு அஞ்சலட்டைகள். படிக்க எங்கள் வீட்டில் ஆளில்லை. சாவதற்குள் அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்கிறார். கணவரோ, “ஆறின புண்ணைக் கிண்டாதே” என்கிறார். கூட்டிப் போகலாமா? எங்கே தொடங்குவது? வேற்று மதத்து மருமகள் நான் இதில் தலையிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரி, தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதைச் செய்யாமல் கிளம்பினால் ஒரு சின்ன ஊரையும் ஒரு காட்டையும் வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வருடம் என்னை நிறுத்திவிட்டது. மாமியார் பிறந்தது 1946, நாஜிகள் அந்த ஊர் யூதர்களைக் கொன்று ஐந்து வருடம் கழித்து. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பிள்ளைக்கு உயிரோடு இருப்பவர் பெயரை வைப்பதில்லை, இறந்துபோன சொந்தக்காரர் பெயரை வைப்பார்கள். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுவே பேரன் ஆயிற்று என்று நம் வீடுகளில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே வழக்கம். மாமியாரின் ஆங்கிலப் பெயர் எதுவானாலும், எபிரேயத்திலோ, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷிலோ அவருக்கு இன்னொரு பெயர் இருக்கும். அது யாருடைய பெயர் என்று இதுவரை கேட்டிருக்கிறீர்களா? பாட்டியின் பெயராக இருக்கலாம், தாய்வழிச் சொந்தத்தின் பெயராகவும் இருக்கலாம். ஆனால் எல்லாரும் தொலைந்துபோனதாக நினைக்கும் அந்த இளைய அத்தையின் பெயரைத்தான் அவர் பிறந்ததிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, மாமியாரின் அப்பா, அதாவது உங்கள் கணவரின் தாத்தாவின் கல்லறைக்குப் போய் எழுத்துகளைத் தெளிவாகப் படமெடுங்கள். யூதக் கல்லறைக் கல்லில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று தகப்பன் பெயரும் எபிரேயத்தில் இருக்கும். இனிஷியல் போட்டு வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். அந்த ஒரு பெயர் கிடைத்தால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம்.

டப்பாவில் இருக்கும் அட்டைகளை லேமினேட் செய்யாதீர்கள், தபால்தலையையும் உரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, தேதி வாரியாக அடுக்குங்கள். கடைசி அட்டையின் தபால்தலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். லிதுவேனியத் தலையின் மேல் ‘1940 VII 21’ என்ற தேதி அச்சாகியிருந்தால், சோவியத் யூனியன் அந்த நாட்டைப் பிடித்துக்கொண்ட பிறகு போட்ட அட்டை அது. கையால் எழுதிய இத்திஷ் அச்செழுத்து மாதிரி இருக்காது. எபிரேயம் தெரிந்தவர்களே திணறுவார்கள். பழைய கையெழுத்து படித்துப் பழகியவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ரகிஷோக் என்பது இத்திஷில் வழங்கிய பெயர். இன்றைய வரைபடத்தில் ரோக்கிஷ்கிஸ். தலைநகர் வில்னியஸிலிருந்து சுமார் 160 கி.மீ. பழைய தாள்களில் ‘கோவ்னோ’ என்று இருந்தால் கௌனஸ் நகரத்துக்கு ஓடாதீர்கள். லிதுவேனியாவை ரஷ்ய ஜார் மன்னர்கள் ஆண்ட காலத்தில் கோவ்னோ என்பது ஒரு மாகாணத்தின் பெயரும்கூட, ரகிஷோக் அதற்குள் இருந்தது. தென்னாப்பிரிக்க யூதர்களில் பெரும்பாலோர் லிதுவேனியாப் பக்கத்து வேர் உள்ளவர்கள். ரகிஷோக்காரர்கள் உங்கள் ஜோகன்னஸ்பர்க்கிலேயே ஊர்ச்சங்கம் வைத்து, 1952-இல் தங்கள் ஊருக்காக இத்திஷில் ஒரு நினைவுப் புத்தகம் போட்டார்கள். அழிந்த ஊருக்கு, மிஞ்சியவர்கள் சேர்ந்து எழுதிய இந்த வகைப் புத்தகத்துக்கு ‘இஸ்கோர்’ என்று பெயர். யூதர்கள் தங்கள் வம்சாவளியைத் தேடும் ஜூயிஷ்ஜென் இணையதளத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. உங்கள் மாமியார் வளர்ந்த நகரத்தில், அவர் சிறுமியாக இருந்தபோது வந்த புத்தகம்!

தாத்தா ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1930-இல் தென்னாப்பிரிக்கா ‘கோட்டா’ சட்டம் கொண்டுவந்து கிழக்கு ஐரோப்பியர் வரவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. அவர் வந்து மூன்றே வருடம். தங்கைகளைக் கூட்டி வரக் காசு சேர்க்கத் தொடங்கியிருப்பார், அதற்குள் கதவு சாத்தியாயிற்று. இது என் ஊகம்தான். ஆனால் அந்த மௌனத்தைக் கல்நெஞ்சு என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

தேடும்போது ஆஷ்விட்ஸ் போன்ற நாஜிக் கொலை முகாம்களின் பட்டியல்களில் வருடக்கணக்காகக் காலத்தைக் கரைக்காதீர்கள். லிதுவேனியாவின் சின்ன ஊர் யூதர்கள் பெரும்பாலும் ரயிலேற்றப்படவே இல்லை. ஊருக்கு வெளியே காட்டுப் பக்கத்திலேயே சுட்டுப் புதைக்கப்பட்டார்கள். ஜெர்மனி படையெடுத்தது 1941 ஜூன் 22. கார்ல் யேகர் என்ற நாஜி அதிகாரி அந்த டிசம்பர் 1-ஆம் தேதி மேலிடத்துக்கு அனுப்பிய தட்டச்சு அறிக்கை ஒன்று இருக்கிறது. மளிகைக் கடைக் கணக்கு மாதிரி தேதி, ஊர், எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குழந்தை, வலது ஓரத்தில் கூட்டல். பக்கம் முடிந்ததும் தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 1,37,346 பேர். அதில் ஆகஸ்ட் 15, 16 தேதிகளுக்கு நேரே ரோக்கிஷ்கிஸ், 3,200 யூதர்கள். படையெடுப்பு நடந்து எட்டே வாரம். அறிக்கையின் பிற்பகுதியில் தன் வேலைச் சிரமத்துக்கு உதாரணமாகவும் இதே ஊரைச் சொல்கிறார்: சுடப்பட வேண்டியவர்களை நாலரை கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டியிருந்ததாம், தனக்கு உதவியாகக் கையில் இருந்த 80 லிதுவேனியர்களில் 60 பேருக்கு மேல் அதற்கே போய்விட்டார்களாம். இதை மாமியாருக்கு முன்னால் நீங்களும் உங்கள் கணவரும் படித்துவிடுங்கள். காட்டில் நிற்கும்போது முதல் தடவையாக அவர் இதைக் கேட்கக் கூடாது.

சாவின் தாளோடு நிற்காமல் வாழ்வின் தாளையும் தேடுங்கள். 1919 முதல் 1940 வரை சுதந்திர லிதுவேனியாவில் பெரியவர்கள் உள்நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தார்கள். அந்த விண்ணப்பக் கோப்புகள் பல ஆவணக் காப்பகங்களில் மிஞ்சியிருக்கின்றன, சிலவற்றில் புகைப்படமும் உண்டு. லிதுவேனிய யூதர்களின் வம்சாவளி ஆவணங்களைத் திரட்டும் லிட்வாக்சிக் என்ற அமைப்பு அவற்றுக்கு அட்டவணை தயாரித்து வருகிறது. குடும்பப் பெயரை அப்படியே போட்டால் தங்கைகள் அகப்படமாட்டார்கள். லிதுவேனிய மொழியில் மணமாகாத பெண்ணின் பெயர் ‘ஐதே’, ‘ஈதே’ என்றெல்லாம் முடியும், மணமானவர் பெயர் ‘யெனே’ என்று முடியும். ஒரு தங்கையின் முகமாவது கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

ஜெருசலேமில் உள்ள, நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவு நிறுவனமான யாத் வாஷெமின் ‘சாட்சிப் பக்கங்களையும்’ பாருங்கள். கொல்லப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், தெரிந்தவர் யாராவது நிரப்பிக் கொடுத்தது. இவர்களுக்கு யாராவது ஏற்கெனவே எழுதியிருந்தால், எழுதியவர் பெயரும் உறவும் அதிலேயே இருக்கும். நீங்கள் அறியாத சொந்தம் ஒன்று அங்கே அகப்படக்கூடும்.

போவதென்றால் கோடையில் போங்கள். தாத்தாவின் வீடு தெரியவந்தால், உள்ளூர் ஆள் ஒருவரை முன்னால் அனுப்பி, சொத்து கேட்டு வரவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பயம் அங்கே உண்டு. எதிர்ப்படும் கிழவரையெல்லாம் கொலைகாரர் மகனாகப் பார்க்கவும் வேண்டாம், நடந்ததை ஜெர்மானியர் தலையில் மட்டும் போட்டுப் பூசி மெழுகவும் வேண்டாம். 1995-இல் அந்த நாட்டு ஜனாதிபதி பிரஸாவுஸ்கஸ், லிதுவேனியர்கள் செய்ததற்காக இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். யூதர்களை ஒளித்துக் காத்ததற்காக யாத் வாஷெம் கௌரவித்த லிதுவேனியர்களும் தொள்ளாயிரத்துக்கு மேல்.

இறந்தவருக்கான கடிஷ் சொல்லப் பத்துப் பேர் கூட வேண்டும் என்பது மரபு. அங்கே அது நடக்காது. ‘எல் மாலே ரஹமிம்’ என்ற பிரார்த்தனையைத் தனியாகவும் சொல்லலாம். அதன் நடுவில் இறந்தவர் பெயரைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஹாயாவுக்குப் பிறகு மாமியார் என்ன சொல்வார்? அதற்காகத்தான் கிளம்பும் முன் தேடச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஆறின புண்ணாக இருந்தால் அந்த டப்பா இத்தனை வருடம் வீட்டில் இருந்திருக்காது. நீங்கள் தலையிடலாமா என்று கேட்டீர்கள். மகன் இருக்கும்போது மாமியார் அதை உங்கள் கையில்தானே கொடுத்தார்?

வரும் வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றி, சாப்பாடு முடிந்து, மேஜையை விட்டு யாரும் எழுவதற்கு முன் கேளுங்கள்: “உங்களுக்கு இந்தப் பெயரை யார் நினைவாக வைத்தார்கள்?” வெள்ளி மாலை தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாளான சபாத் அன்று போனில் பதிவு செய்ய வேண்டாம். காதால் கேட்டு வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இருட்டின பிறகு உட்கார்ந்து எழுதுங்கள்.