பெயரை எழுதிய கை

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டில் வசிக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. இங்கே பிறப்பைப் பதியும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. என் அப்பாவின் பெயரைப் போடுவதா, என் பெயரையே போடுவதா, எங்கள் குடும்பத்தில் ஒரு காலத்தில் இருந்த பட்டப்பெயரை மீட்டெடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. உடன் வேலை செய்பவர்கள் தங்கள் பெயருக்குப் பொருள் சொல்லும்போது பொறாமையாக இருக்கிறது. ஸ்மித் என்றால் கொல்லர். ஒரு வம்சமே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. டச்சு நண்பர் ஒருவரின் பெயருக்கு ‘அம்மணமாகப் பிறந்தவர்’ என்று பொருளாம். நெப்போலியனைக் கேலி செய்ய முன்னோர் வைத்துக்கொண்டதாம். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் பெயர்களை எல்லிஸ் தீவில் குமாஸ்தாக்கள் வெட்டிச் சிதைத்தார்கள் என்றும் படித்தேன். குடும்பப் பெயர் என்பது முன்னோர் விட்டுச்சென்ற வரலாறு அல்லவா? நமக்கு அது இல்லாதது ஒரு குறைதானே? நல்ல பொருளுள்ள பெயர் ஒன்று சொல்லுங்களேன்.

(என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுக் கடைசியில் பெயரை வெளியிட வேண்டாம் என்கிறீர்கள். சரி, வெளியிடவில்லை. வரப்போகும் குழந்தைக்கு என் அன்பு.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு பழைய செருப்புப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதற்குள் இருந்தது என்ன என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

எல்லிஸ் தீவுக் கதையைத் தூக்கிப் போடுங்கள். 1892இல் திறந்த அந்தக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் யாருக்கும் புதுப் பெயர் எழுதவில்லை. கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனிக்காரர்கள் எழுதிய பயணிகள் பட்டியல் அவர்கள் முன்னால் இருந்தது. அதை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பெயர் மாறியவர்களில் பெரும்பாலோர் பின்னால், வேலை தேடும்போதோ குடியுரிமை வாங்கும்போதோ தாங்களே மாற்றிக்கொண்டவர்கள். பேரப்பிள்ளை கேட்கும்போது ‘நான் மாற்றினேன்’ என்பதைவிட ‘எவனோ ஒரு குமாஸ்தா மாற்றிவிட்டான்’ என்பது சொல்லச் சுலபம்.

உங்கள் டச்சு நண்பரின் பெயர் நாக்ட்கெபோரன் என்று நினைக்கிறேன். 1811இல் நெப்போலியன் ஆட்சி எல்லாரும் குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணை போட்டது உண்மை. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே டச்சுக்காரர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் இருந்தது. கேலிக்காக வைத்தது என்பதெல்லாம் பின்னால் கட்டிய கதை. பெயராய்வாளர்கள் சொல்லும் விளக்கம் வேறு. ஜெர்மனில் ‘நாஹ்கெபோரன்’ என்றால் பின்பிறந்தவன். தகப்பன் இறந்தபிறகு பிறந்த பிள்ளை. டச்சு வாயில் அது திரிந்து அம்மணமாகிவிட்டது. எத்தனை தலைமுறை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது, பாருங்கள். உள்ளே இருந்தது ஒரு விதவையின் பிரசவம்.

இதனால்தான் ‘பெயருக்கு என்ன பொருள்’ என்ற கேள்வியே எனக்குப் பிடிப்பதில்லை. யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேளுங்கள். ஸ்மித்தையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் ஸ்மித், ஜெர்மனியில் ஷ்மிட், பிரான்சில் லெஃபெவ்ர், இத்தாலியில் ஃபெராரி, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெட்சோவ், அரபு நாடுகளில் ஹத்தாத். அத்தனையும் கொல்லர்தான். உலகத்தில் அவ்வளவு கொல்லர்களா இருந்தார்கள்? எங்கு பார்த்தாலும் உழவர்கள்தானே அதிகம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஊரே உழும்போது ஒருவனை மட்டும் உழவன் என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? ஊருக்கு ஒரு பட்டறை, ஒரு கொல்லன். ‘எந்த ஜான்?’ என்று கேட்டால் ‘பட்டறைக்கார ஜான்’ என்று சொல்லிவிடலாம். அந்தப் பெயரை அவன் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவன் பெண்டாட்டி அவனை அப்படிக் கூப்பிட்டிருக்கவும் மாட்டாள். அது தெருவில் நின்றவர்கள் வைத்த அடையாளம்.

செக் நாட்டில் மிக அதிகமானோருக்கு இருக்கும் பெயர் நோவாக். புதிதாக வந்தவன் என்று பொருள். எப்போதோ ஒரு நாள் மூட்டையோடு வந்து இறங்கியவனை ஊர்க்காரர்கள் புதுசு என்று சொல்லியிருப்பார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அவன் வம்சம் புதுசாகவே இருக்கிறது. ஹங்கேரியில் நேமெத் என்று நிறையப் பேர் உண்டு. ஜெர்மானியன் என்று பொருள். அவன் முன்னோர் ஜெர்மனியிலேயே இருந்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா? நீங்கள் முன்னோர் விட்டுச்சென்றது என்கிறீர்கள். முன்னோரைப் பார்த்து அண்டை வீட்டுக்காரன் சொன்னதைத்தான் பாதிப் பேர் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

மீதிப் பேருக்குச் சர்க்கார் எழுதியது. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஓர் ஆணை போட்டார். மக்கள் புனிதர்களின் பெயர்களைத் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பனுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு வேறு பெயர். யாரிடம் வரி வாங்கியாயிற்று, யாரிடம் பாக்கி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே சுமார் 60 ஆயிரம் சொற்களை அகரவரிசையில் அச்சடித்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். செடி, கொடி, கல், குணம், ஊர் என்று கையில் கிடைத்ததெல்லாம் அதில் இருந்தது. மாகாணங்களுக்கு அனுப்பி, அங்கிருந்து ஆள் கணக்குக்கு ஏற்ப ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார, குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஊருக்கு வந்த தாளிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நான்கு தலைமுறையாக ஒரு பெயர் இருந்தது என்று காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. விளைவு என்ன தெரியுமா? ஆல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்று ஓர் ஊர். அங்கே குடும்பம் குடும்பமாக எல்லாப் பெயரும் ‘ர’ வரிசையில்தான். வந்து சேர்ந்த தாள் அப்படி. இப்போது அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் போய் உங்கள் பெயரில் என்ன வம்ச வரலாறு இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள்.

ஸ்வீடனில் பட்டாளம் எழுதியது. ஒரே அணியில் ஏகப்பட்ட ஆண்டர்சன்கள் நின்றால் அதிகாரி யாரைக் கூப்பிடுவார்? எனவே ராஸ்க், மூடிக், ஸ்வார்ட் என்று நறுக்கென்று பெயர் கொடுத்தார்கள். வேகமானவன், தைரியசாலி, வாள். பல இடங்களில் அந்தச் சிப்பாய் போனபின் அதே குடிசைக்கு வந்த அடுத்த சிப்பாய்க்கும் அதே பெயர்தான். முன்னவன் தைரியசாலி என்றால் அடுத்தவனும் தைரியசாலி, பயந்தாங்கொள்ளியாக இருந்தாலும்.

நான் இதையெல்லாம் கேலியாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்துக்கு வரும்போது மட்டும் கேலி நின்றுவிடுகிறது. அங்கே அனுன்சியாத்தா என்ற தேவாலயத்தை ஒட்டிய இல்லத்தின் சுவரில் ஒரு துவாரம். துவாரத்துக்குள் மரத்தாலான உருளை ஒன்று, நின்ற இடத்திலேயே சுழலும். வெளியே தெருவில் நிற்பவள் அதில் குழந்தையை வைத்துச் சுழற்றுவாள். குழந்தை உள்பக்கம் போய்விடும். உள்ளே எடுப்பவருக்கு வெளியே நின்றவள் முகம் தெரியாது, அவளுக்கு இவர்கள் முகம் தெரியாது. அப்படி வந்த குழந்தைகளுக்கு எழுதிய பெயர் எஸ்போசிட்டோ. வெளியே விடப்பட்டது என்று பொருள். பிறகு இப்படி அடையாளப் பெயர் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, 1875இல் அந்த உருளையையும் மூடினார்கள். பெயர் மூடவில்லை. இன்றைக்கும் நேபிள்ஸில் மிக அதிகமாக இருக்கும் குடும்பப் பெயர் அதுதான். கடை வைத்திருக்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்கிறார்கள், அந்தப் பெயரோடு.

பிறர் கையில் இருந்த பேனாவைப் பிடுங்கி எழுதியவர்களும் உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த புக்கர் என்ற சிறுவன் விடுதலைக்குப் பிறகு முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டே வருகிறார். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவனுக்கு ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் யோசித்து, பிறந்ததிலிருந்து அதுதான் பெயர் என்பதுபோல, புக்கர் வாஷிங்டன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டான். வாஷிங்டன் என்பது அவன் வளர்ப்புத் தந்தையின் முதல் பெயர். பிற்காலத்தில் கல்வியாளராக உலகம் அறிந்த பெயர், வரிசையில் நாலைந்து பிள்ளைகள் பதில் சொல்லும் நேரத்தில் உருவானது.

குடும்பப் பெயர் இல்லாதது குறையா என்று கேட்டிருந்தீர்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு அது இல்லை. அப்பா பெயரோடோ அம்மா பெயரோடோ மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சானது. நாடு நடக்கத்தானே செய்கிறது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. பட்டப்பெயரை மீட்டெடுக்கும் யோசனைக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. எழுதினால் குழந்தைக்குச் சொன்ன அன்பு கெட்டுப்போகும்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட முடியாது. என் அப்பா, என் பெயர், எங்கள் பட்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களே, பிள்ளையைச் சுமந்துகொண்டிருப்பவர் இந்தக் கடிதத்தில் எங்கே? ‘எங்களுக்கு’ என்ற ஒரு சொல்லுக்குள் அவரை மடித்து வைத்துவிட்டீர்கள். ஜப்பானில் 1898இலிருந்து கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம். யாருடையதாகவும் இருக்கலாம் என்றுதான் இப்போது எழுதியிருக்கிறது. விட்டுக்கொடுப்பது மட்டும் ஏறக்குறைய எப்போதும் பெண்தான். அங்கே பெண்கள் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். உங்களை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, நீங்களாகவே செய்கிறீர்கள். ஸ்பானியர்கள் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டையும் வைப்பார்கள். பிக்காசோவின் அப்பா வழிப் பெயர் ரூயிஸ். உலகம் சொல்லும் பிக்காசோ அவருடைய அம்மா கொடுத்தது. கடிதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் உங்கள் மனைவியிடம் போய்க் கேளுங்கள்.

அந்தப் பிக்காசோ விஷயத்தை எனக்குச் சொன்னவரிடம்தான் இப்போது வர வேண்டும். 40 வருடத்துக்கு முன் ஒரு பெரிய தொகுப்பு நூலுக்குப் பெயரடைவு தயாரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஆளுக்கு ஓர் அட்டை, அகரவரிசையில் அடுக்கி ரப்பர் போட்டுச் செருப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மெய்ப்புத் திருத்தும் பெரியவர் ஒருவர் மாலையில் வந்து பெட்டியைத் திறப்பார். முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட்டை நான் ‘ஊ’வில் வைத்திருந்தேன். “தம்பி, ஊன்னா பேரு இல்லப்பா. பர்மாவிலே அது திரு மாதிரி. தாண்ட், அவ்வளவுதான் அவர் பேரு. ‘தா’வுக்குக் கொண்டுபோ.” அடுத்தது எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிக்கிலா. சர்நேம்படி அடுக்குகிறேன் என்று ‘பி’யில் வைத்திருந்தேன். அட்டையை உருவி என் முன்னால் போட்டார். “பிக்கிலா இவனோட அப்பா. 1960லே ரோமிலே வெறுங்காலோட மாரத்தான் ஓடினது அப்பாவா? ஓடினவன் பேர்லே போடு.”

அவருடைய பெயருக்கு முன்னால் ‘மு.’ என்று ஓர் இனிஷியல் உண்டு. ஒருநாள் பேச்சுவாக்கில் அப்பா பெயர் என்ன என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் ரப்பரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கான இல்லத்தில் வளர்ந்தவராம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன இல்லத்துக் கணக்குப்பிள்ளை, தகப்பன் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டால் மற்ற பிள்ளைகள் கேட்டுக் கேட்டு நோகடிப்பார்கள் என்று நினைத்து, தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டாராம். “அந்த வருஷம் எங்கள்லே 11 பேருக்கு ‘மு’தான். வீட்டிலே அவருக்குச் சொந்தப் பிள்ளைங்க வேற நாலு.”

நூல் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல். அதையும் நான்தான் எழுதினேன். அவருடைய பெயரை மட்டும் இனிஷியல் இல்லாமல் எழுதினேன். ஓடினவன் பேரில் போடு என்று அவர்தானே சொன்னார். அவருக்கு ஏதோ பெரிய மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டேன். மெய்ப்பு அவரிடம் போய்த் திரும்பி வந்தது. அந்தத் தாள்தான் உங்கள் கடிதம் வந்த அன்று பெட்டிக்குள் அகப்பட்டது. சிவப்பு மை பழுப்பேறிவிட்டது. பெயருக்கு முன்னால் ஒரு செருகல் குறி, மேலே ‘மு.’, புள்ளியோடு. ஓரத்தில் அவருடைய சின்னக் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: விடுபட்டது.