மட்டக்களப்பிலிருந்து ஹோட்டன் சமவெளிக்குப் போனால் மூச்சு வாங்குகிறதே, அங்கே ஒட்சிசன் குறைவா?

காற்றில் ஒட்சிசனின் பங்கு கல்லடிக் கடற்கரையிலும் 21 வீதம், அங்கேயும் 21 வீதம்தான். குறைவது காற்றின் அமுக்கம்.

போன வருடம் வான் பிடித்துக் குடும்பமாகப் போனோம். நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளைக் கழற்றச் சொன்னார்கள். ஊரில் வாங்கிய மிக்சர் பக்கற் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. உள்ளே இருந்தது மட்டக்களப்புக் காற்று. அதை வெளியிலிருந்து அமுக்கிப் பிடிக்க அங்கே ஆளில்லை. காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசம் என்றால், அங்கே 2100 மீற்றர் உயரத்தில் ஏறக்குறைய 590தான்.

அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்புக்கு நடக்கும்போது மாமா நின்றுவிட்டார். வாவியில் வீச்சுவலை வீசிப் பழகிய உடம்பு. “என்ன மருமகன், காத்து இப்பிடி அடிக்குது, நெஞ்சுக்குள்ள போகுதில்லையே” என்றார்.

போகத்தான் செய்கிறது. நெஞ்சறைக்கு அடியிலுள்ள தசையான பிரிமென்றகடு கீழிறங்க, நெஞ்சறை விரிய, காற்று உள்ளே வரும். அதில் மலையென்றும் கடற்கரையென்றும் இல்லை. சிக்கல் அடுத்த படியில். நுரையீரலின் கோடிக்கணக்கான சிற்றறைகளை விரித்துப் போட்டால் 70 சதுர மீற்றர் வரும். சிற்றறைக்கும் குருதிக்கும் நடுவிலுள்ள சுவர் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதனூடாக ஒட்சிசனைத் தள்ளிவிட பம்ப் எதுவும் கிடையாது. அமுக்கம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகப் பரவ வேண்டும். காபனீரொட்சைட்டு அதேபோல எதிர்ப்பக்கமாக வெளியேறும். ஊரில் சிற்றறைக்குள் ஒட்சிசனின் அமுக்கம் மட்டும் 100 மில்லிமீற்றர் இரசம், வந்து சேரும் குருதியில் 40. மேலே அந்த 100 கிட்டத்தட்ட 70 ஆகிவிடும். சரிவு குறைந்தால் வாய்க்கால் தண்ணீர் மெதுவாகத்தானே ஓடும்.

சும்மா இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஒரு செங்குருதிக் கலம் அந்தச் சுவரோரமாக ஓடிக் கடக்க முக்கால் செக்கன் எடுக்கும். ஊரில் கால் செக்கனிலேயே ஒட்சிசனை ஏற்றிக்கொள்ளும்; மேலே அதைவிட நேரம் பிடிக்கும். ஏற்றத்தில் நடந்தால் குருதி விரைந்தோடி அந்த நேரமும் சுருங்கிவிடும். கழுத்து நாடியருகே உள்ள சின்ன உணரிகள் குறைவைக் கண்டுபிடித்து, வேகமாக மூச்செடுக்கச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்பும். மாமாவுக்கு இளைத்தது அதனால்தான். குருதியின் ஒட்சிசன் அளவு பார்க்க விரலில் மாட்டும் மீற்றர் ஊரில் 98 வீதம் காட்டியது, அங்கே 92. பத்து நிமிடம் குந்தியிருந்த பிறகு 94.

மாமாவுக்கு முட்டு (ஆஸ்துமா) கிடையாது. உள்ளவர்கள் மருந்து இழுக்கும் பம்பை (இன்ஹேலரை) வானில் விட்டுவிட்டு நடக்க வேண்டாம். அங்குள்ள குளிர்காற்றே இழுப்பைக் கிளப்பிவிடும்.

இருந்து இருந்து போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டி, முகில் மூடி, உலக முடிவில் ஒன்றுமே தெரியவில்லை. அதற்கும் மாமா என்னைத்தான் ஏசினார்.