குழியே இல்லாத இடத்தில் ஏன் கோடு போடுகிறார்கள்? – சாலை கேள்வி பதில்

(பதில் தருபவர், நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்)

கேள்வி: எங்கள் ஊர் வழியாகக் கல்குவாரிக்குப் போகும் சாலையில் இரண்டு பேர் டேப்பும் நோட்டுமாக நடந்தார்கள். குழிகளைச் சட்டென்று குறித்துக்கொண்டு நகர்ந்தவர்கள், குழியே இல்லாத இடத்தில் குனிந்து சாக்பீஸால் கட்டம் போட்டார்கள். அதுவும் சாலையின் ஒரு பாதியில் மட்டும். எதற்கு?
– கரூர் மாவட்ட வாசகி

பதில்: அவர்கள் கட்டம் போட்டது விரிசலைச் சுற்றி. வேலை தெரிந்தவர்கள்தான், சந்தேகம் வேண்டாம்.

அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது ஓரமாக நின்று பாருங்கள். லாரிச் சக்கரம் ஓடும் தடத்தில், தார் சின்னச் சின்னத் துண்டுகளாக வெடித்திருக்கும். முதலைத்தோல் விரிசல் என்போம். மேலே மெல்லிய கோடுதான். ஆனால் அது பெரும்பாலும் தார்ப் படலத்தின் அடியில் தொடங்கி மேலே வந்து சேர்ந்தது. பாரம் ஏறும்போதெல்லாம் சாலை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. வளைந்து வளைந்தே அடியில் கீறல் விழுகிறது. மழை பெய்தால் அந்தக் கோடு வழியே தண்ணீர் இறங்கி ஜல்லிப் படுகையை ஊறவைக்கும். மேலே லாரி ஏறியதும் நுண்மண் சேறாகப் பிதுங்கி வரும். மழை விட்ட மறுநாள் விரிசல் விளிம்பில் வெளிர்ப் பழுப்பாகக் காய்ந்த கறை தெரிந்தால், அடித்தளம் கரையத் தொடங்கிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம். அப்புறம் துண்டு துண்டாகப் பெயர்ந்து குழியாகும். விரிசலாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைத்தால் செலவு கொஞ்சம்; குழியான பிறகு அடித்தளம் வரை தோண்ட வேண்டும்.

ஒரு பாதி மட்டும் ஏன் என்றால், குவாரியிலிருந்து லாரிகள் பாரத்தோடு வரும் பாதி அதுவாக இருக்கும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊரருகே சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு எடை, அதாவது இரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் ஓர் அச்சின் மேல் விழும் பாரம், இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்காகிறது என்று தெரிந்தது. ஆகவே இடப்பக்கம், வலப்பக்கம் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். 200 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் என்றால் 1,400 சதுர மீட்டர். அதில் 105 சதுர மீட்டர் விரிசல் என்றால் 7.5 சதவீதம். அவ்வளவும் ஒரே பாதியில் இருந்தால் அந்தப் பாதிக்கு 15 சதவீதம். மொத்தமாகச் சராசரி போட்டால் சீரழிந்த பாதி ஏட்டில் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: செல்போனே குழியைக் கண்டுபிடித்து வரைபடத்தில் போட்டுவிடுமாமே? இனி ஆள் எதற்கு?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: போனில் உள்ள அதிர்வு உணரியும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தால் குலுங்கிய இடத்தைச் சொல்லிவிடும், உண்மைதான் தம்பி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே இதைச் செய்து பார்த்தது. பாதாளச் சாக்கடை மூடிகளும் குழிக் கணக்கில் சேர்ந்தன. ஸ்மார்ட்போனும் காரும் அதிகம் உள்ள பகுதிகளிலிருந்துதான் நிறையப் புகார் வரும், ஏழைகளின் தெரு வரைபடத்தில் வராது என்ற கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் வேகத்தடையும் குலுக்கும். பைக்கில் போகிறவர் குழியைச் சுற்றிப் போய்விடுவார். முன்பே சொன்ன விரிசல் குலுக்கவே குலுக்காது. லேசரும் கேமராவும் பூட்டிய ஆய்வு வண்டிகள் தேசிய நெடுஞ்சாலைகளில் விரிசலையும் அளக்கின்றன. கிராமத்துச் சாலைக்கு இன்னும் கண்ணும் காலும்தான்.

கேள்வி: வருடா வருடம் ஒரே இடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். ஏன் நிற்பதில்லை?
– திருவாரூர் வாசகர்

பதில்: தண்ணீர். சாலையோர மண் தார் மட்டத்தைவிட உயர்ந்து, புல் மண்டியிருக்கிறதா பாருங்கள். மழைநீர் இறங்க வழியில்லாமல் சாலையிலேயே நிற்கும். மண்வெட்டியால் ஓரத்தை வெட்டி வழிவிடாமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் வீண்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் ஊராட்சிச் சாலைகளின் சேதத்தை வரைபடமாக்க நினைக்கிறது. எப்படித் தொடங்குவது?
– பொன்னமராவதி வாசகர்

பதில்: நல்ல காரியம். முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கிராமச் சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை விட்டுச் சாலை காயும் நேரத்தில் நடங்கள். மற்ற இடம் வெளுத்த பிறகும் விரிசல் மட்டும் ஈரமாகக் கறுத்துத் தெரியும். அதைவிட நல்ல நேரம் கிடையாது. மழை இல்லையா, காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். 200 மீட்டருக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் ஒதுக்கி, நீளம், அகலம், ஆழம் எழுதுங்கள். சக்கரத் தடம் அமுங்கியிருந்தால், கொத்தனார் பூச்சைச் சரிபார்க்கும் அலுமினியச் சட்டத்தைச் சாலைக்குக் குறுக்கே வைத்து, அதன் அடியில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். படம் எடுக்கும்போதும் அந்த ஸ்கேல் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு சேதத்துக்கும் எதிரே, பக்கத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, குழாய்க்குத் தோண்டி மூடினார்களா, பாரவண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது அந்த வரியைத்தான். அது இல்லாமல் கொடுத்தால் மறுபடி ஒட்டுத்தான் கிடைக்கும். ஒரு ஆள் மட்டும் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும், வளைவுகளில் அவசியம்.

பட்டியலை ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே வைத்துவிடுங்கள். அக்டோபர் 2 கூட்டம் வரை தள்ளினால், வேலைக்கு உத்தரவு வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்.