சருமப் பராமரிப்புச் செயலிக்கு எது அடிப்படை?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் தங்கி மென்பொருள் படிக்கிறேன். என் மேசை நிறைய கிரீம், சீரம். எதை எப்போது பூசினேன் என்பதே நினைவில் நிற்பதில்லை. இதற்கொரு செயலி உருவாக்க நினைக்கிறேன். காலையும் இரவும் நினைவூட்டினால் போதுமா?

மருந்தாளுநர் பதில்: போதாது. நினைவூட்ட அலாரமே இருக்கிறது. முகத்தில் அரிப்பு என்று மருந்தகத்துக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "புதிதாக எதைப் பூசினீர்கள், எப்போது தொடங்கினீர்கள்?" என்பதைத்தான். பலருக்கும் பதில் தெரிவதில்லை. அந்தப் பதிலை உங்கள் செயலி கொடுக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தேதிகள் தேவை. ஒன்று, மூடியைத் திறந்த நாள். டப்பாவின் பின்பக்கம் மூடி திறந்த சின்ன ஜாடிப் படமும் அதில் 6 எம், 12 எம் என்ற குறியும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். வெளிர்நிறமாக இருந்த வைட்டமின் சி சீரம் பழுப்பாகிவிட்டால் மாதக் கணக்கே வேண்டாம், தூக்கிப் போடலாம்.

மற்றொன்று, பூசத் தொடங்கிய நாள். ஒரே வாரத்தில் இரண்டு புதிய பொருட்களைச் சேர்க்க முயன்றால் செயலி தடுக்கட்டும். குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டால்தான் ஒவ்வாமைக்குக் காரணம் எது என்று பிடிபடும். பரு மருந்து பலன் காட்ட ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். பத்தே நாளில் கைவிடுபவர்களுக்கு, இன்னும் எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று திரையில் காட்டுங்கள்.

பூசும் வரிசை எளிது: காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், அதன்மேல் எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். நினைவூட்டல் உண்மையில் உதவுவது இங்கேதான். நம் ஊர் வெயிலில் வெளியே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் இரவுக்கு மட்டும், முதலில் வாரம் இரண்டு மூன்று நாள். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. இதைச் செயலி கட்டாயம் கேட்க வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்துவது, அறிவிப்பு எண்ணுக்கு ஓர் இடம். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருட்களுக்கு தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவித்துப் பெற்ற எண் இருக்க வேண்டும். அதை அந்த அமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். சிவப்பழகு கிரீம் சிலவற்றில் பாதரசமும், தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனும் அகப்பட்டு, அவற்றின் அறிவிப்பு ரத்தாகியிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அறிவிப்பு எண் இல்லாத பொருளைச் செயலி சிவப்பில் காட்டட்டும்.

முகப் படங்கள் கைப்பேசியிலேயே இருக்கட்டும், சர்வருக்குப் போக வேண்டாம். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் வசதியும் வேண்டாம். வீக்கம், கொப்புளம் என்று பதிந்தால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, கடைசி எட்டு வாரப் பதிவை அவரிடம் காட்ட ஒரே பக்கமாக எடுத்துக் கொடுத்தால் போதும்.